‘ஜம்முனு ஏறும்ணே!’

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. 1995-ல் திருச்சியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்ப ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி வெட்டினார்கள். இந்த வெட்டல் ஒட்டலில் ரயில் அரியலூருக்கு, பச்சைமலை பெரம்பலூருக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது. (மலையிலும் முழுப் பங்கு இல்லை. திருச்சிக்கும் சேலத்துக்கும் கொடுத்தது போக மீதி.) ஆகவே பெரம்பலூர்க்காரருக்கு பஸ்ஸை விட்டால் டூவீலர்தான் கதி.

அந்த டூவீலர் இப்போது கரன்ட்டில் ஓடுகிறது. நல்ல விஷயம். நான் அதற்கு எதிரி இல்லை. பெட்ரோல் விற்கிற விலையில் எதிரியாக இருக்கவும் முடியாது. என் சண்டை கடையில் நடக்கும் ஓர் உரையாடலோடுதான்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடைக்குப் போகிற எல்லோரும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். என்ன விலை? ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம்? லைசென்ஸ் வேணுமா? மலையாளப்பட்டி, தொண்டமாந்துறை, விசுவக்குடி என்று பச்சைமலை அடிவாரத்திலிருந்து வருகிறவர்கள் மட்டும் நாலாவதாக ஒன்று கேட்கிறார்கள்: “ஏன் தம்பி, மேடு ஏறுமா?”

“ஜம்முனு ஏறும்ணே!”

வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியைக் கையில் கொடுப்பார்கள். பாலக்கரையிலிருந்து நான்கு ரோடு வரை ஒரு ரவுண்டு. அந்த வழியில் இருக்கிற பெரிய மலை, வேகத்தடை.

அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு மாதச் சம்பளம், கூடவே விற்ற வண்டிக்குக் கமிஷன். மேடு ஏறுமா என்ற கேள்விக்கான விடை அவரிடமும் இல்லை, அவர் கையிலிருக்கும் பளபளப்பான நோட்டீஸிலும் இல்லை. அதை அங்கே அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு ஜாதி. ஒன்று, பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். ஹப் மோட்டார். சக்கரமே மோட்டார், மோட்டாரே சக்கரம். இன்னொன்று, மோட்டார் வண்டியின் நடுவில். அங்கிருந்து பெல்ட்டோ செயினோ பல்சக்கரமோ சக்கரத்தைச் சுற்றும். மிட் டிரைவ் என்கிறார்கள். இது ஏதோ புதுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். ஆக்டன் போல்ட்டன் என்ற அமெரிக்கர் பின் சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31-ல் பேடன்ட் வாங்கினார். இரண்டே வருஷத்தில், 1897-ல், ஹோசியா லிப்பி என்பவர் மோட்டாரை மிதிகட்டைப் பக்கம் கொண்டுவந்து இன்னொரு பேடன்ட் வாங்கிவிட்டார். நம் ஊர் ஷோரூம்காரர்கள் புத்தம் புதிய டெக்னாலஜி என்று இரண்டையும் விற்கிறார்கள். நூற்று முப்பது வருஷம் ஆகிறது.

பெட்ரோல் வண்டியில் இந்தச் சண்டையே இருந்ததில்லை. யாரும் இன்ஜினைச் சக்கரத்துக்குள் வைப்பதில்லை. (சிலர் வைத்துப் பார்த்தார்கள். 1921-ல் ஜெர்மனியில் மெகோலா என்றொரு மோட்டார் சைக்கிள். முன் சக்கரத்துக்குள் ஐந்து சிலிண்டர் இன்ஜின். கிளட்ச்சும் கிடையாது, கியரும் கிடையாது. சில வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.) ஏன் வைப்பதில்லை? இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் பல்சக்கரங்கள் நின்று, வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டித் தருகின்றன. செட்டிகுளத்து விவசாயி சின்ன வெங்காய மூட்டையை வைத்து ஓட்டுகிற டி.வி.எஸ். எக்ஸெல்லில் மாற்றிப் போட கியர் கிடையாது. ஆனால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அந்தக் குறைப்பு உண்டு. அதனால்தான் அந்தக் குட்டி வண்டி, முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மாமியார் என்று மேடேறிவிடுகிறது.

ஹப் மோட்டார்களில் நேரடி ரகத்துக்கு இந்தக் குறைப்பு இல்லை. சக்கரம் ஒரு சுற்று என்றால் மோட்டாரும் ஒரு சுற்று. சமதளத்தில் பிரச்னை இல்லை, சக்கரம் வேகமாகச் சுற்றும், மோட்டாரும் சந்தோஷமாக இருக்கும். மேட்டில் வண்டி தளர்கிறது. சக்கரம் மெதுவாகிறது, மோட்டாரும் மெதுவாகிறது. பலம் வேண்டும் என்பதால் கரன்ட்டை மட்டும் மேலும் மேலும் இழுக்கிறது. மிக்ஸியில் தேங்காய்ச் சில்லு பிளேடில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ‘ம்ம்ம்’ என்று முனகும். ஒரு கருகல் வாசனை வரும். வீட்டம்மா ஓடிவந்து சுவிட்சை அணைப்பார். ஓடாமல் நிற்கிற மோட்டார் வாங்குகிற கரன்ட் முழுக்கச் சூடாகத்தான் போகும். மெதுவாக ஓடுகிற மோட்டாரில் பெரும்பங்கு அப்படிப் போகும். ஸ்கூட்டரில் அந்த வீட்டம்மா வேலையை கண்ட்ரோலர் செய்கிறது. சூடு ஏறியதும் கரன்ட்டைக் குறைத்துவிடும். பாதி மலையில், கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ் வரும்போது.

போதாததற்கு அந்தச் சூடு வெளியே போகவும் நல்ல வழியில்லை. சுருள்கள் உள்ளே, சக்கரக் கூடு வெளியே, நடுவில் மெல்லிய காற்று இடைவெளி. மூடிய பாத்திரத்தில் வைத்த சோறு மாதிரி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மேடு ஏறும்போது கவனித்திருக்கிறீர்களா? சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பார்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு அவர்களே கண்டுபிடித்த கியர் அது. ஹப் மோட்டாருக்கு எழுந்து நிற்கத் தெரியாது.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

‘லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்’ என்று விற்கிற வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓர் இலக்கணம் இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அப்படி இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. ஐம்பது அறுபதாயிரம் ரூபாய்க்கு விற்கிற மலிவு வண்டிகள் பெரும்பாலும் இவைதான். அவற்றில் இருப்பதும் பெரும்பாலும் ஹப் மோட்டார்தான், ஏனென்றால் அதுதான் சல்லிசு. மலையடிவாரத்துக்காரர் வாங்குவதும் இதைத்தான், அவர் கையில் இருக்கிற காசுக்கு இதுதான் கட்டும்.

வண்டி 60 கிலோ, பேட்டரி 25, ஓட்டுகிறவர் 65, பின்னால் மனைவி 55. மொத்தம் 205 கிலோ. பத்தடி போனால் ஓரடி உயர்கிற மேடு என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் புத்தகத்தில் மலைச்சாலைக்கு இதைவிடக் குறைவான சரிவுதான் சொல்லியிருக்கிறது, மிகச் செங்குத்தான இடத்திலும் விதிவிலக்காக 100-க்கு 8. ஆனால் மலை கிராமங்களுக்குப் போகிற கிளைப் பாதைகள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போட்டவை அல்ல.

இந்த மேட்டில் 205 கிலோவைப் பின்னுக்கு இழுக்கிற விசை சுமார் 200 நியூட்டன். 250 வாட் மோட்டார், ஒரு துளிகூட வீணாகாமல், அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தாலும் இந்த வண்டி போகக்கூடிய வேகம் மணிக்கு நாலரை கி.மீ.

நாலரை. மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற பெண் உங்களை ஓவர்டேக் செய்துவிட்டுப் போவார்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சமவெளியிலிருந்து பச்சைமலை மேல் ஓர் ஊருக்கு 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். மலை 500-லிருந்து 1000 மீட்டர் வரை உயரம் என்பதால் இது மிகையான கணக்கு அல்ல. 205 கிலோவை 500 மீட்டர் தூக்க 250 வாட்டுக்கு ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். இங்கே வேடிக்கை ஒன்று. விதியில் சொல்லியிருக்கிற அந்த 250 வாட், ‘30 நிமிட சக்தி’. அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. மலையோ ஒரு மணிக்கு மேல் கேட்கிறது. நம்மூர் சட்டத்தின் மோட்டாருக்குப் பச்சைமலை நடுவழியில் டீக்கடை தேவைப்படும்.

மோட்டார்கள் சில நிமிடங்களுக்கு 250-க்கு மேலும் கொடுக்கும், உண்மை. அந்தச் சில நிமிடம்தான் வேகத்தடைக்கும் மேம்பாலத்துக்கும் போதுமானது. அதை வைத்துத்தான் ‘ஜம்முனு’ என்ற சொல் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். அந்த 500 மீட்டரைத் தூக்க மட்டும் 280 வாட் அவர். மோட்டார் திணறிப் பாதி சூடாகப் போனால் பேட்டரியிலிருந்து போவது 560. 48 வோல்ட், 24 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், 1,152 வாட் அவர். ‘எழுபது கி.மீ. போகும்’ என்று விற்ற பேட்டரியில் பாதி ஏழெட்டு கி.மீ.யில் காலி. அந்த எழுபது எங்கே அளந்தது? அறைக்குள், உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு அளக்கிற முறை அது. ஓட்டுகிறவர் ஒருத்தர். மேடு என்ற பேச்சே கிடையாது. பொய் சொல்லவில்லை, வாஸ்தவம். பச்சைமலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“ஐரோப்பாவில்கூட 250 வாட்தானே சார், 25 கி.மீ.தானே?” என்று ஒரு வாதம் வரும். எண்கள் சரி. ஆனால் அங்கே அது மிதிக்கிற சைக்கிளுக்கு. வண்டி இருபத்தைந்து கிலோ சொச்சம், ஓட்டுகிறவர் மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். மோட்டார் 250 போட்டால் கால் ஒரு 100 போடும். அந்த ரக சைக்கிளில், மோட்டார் மிதிகட்டைப் பக்கம் இருந்தால், ஏறுகிறவர் கியரை மாற்றிக்கொள்வார். செயின் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும், மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் மட்டும் மெதுவாக ஏறும். மலை சைக்கிளில் மிட் டிரைவ் ஜெயிக்கிற ரகசியம் முழுக்க இதுதான். ஜப்பானில் யமஹா 1993-ல் மிதிக்கு உதவும் சைக்கிளைக் கொண்டுவந்தபோது மோட்டாரை மிதிகட்டைப் பக்கம் வைத்ததும் சும்மா இல்லை. நாமோ அதே 250-ஐ, மிதிக்காமல் கால் மேல் கால் போட்டு இரண்டு பேர் போகிற ஸ்கூட்டருக்கு வைத்திருக்கிறோம். ஆனைக்குக் குதிரை லாடம்.

சட்டம் வேகத்தைக் கட்டுப்படுத்தட்டும். பதினாறு வயதுப் பையன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற வண்டி 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆளைக் கொல்வது வேகம். மேடு ஏறுகிற பலம் யாரையும் கொல்வதில்லை. இந்த 205 கிலோ, பத்துக்கு ஒன்று மேட்டில், அந்த அனுமதிக்கப்பட்ட 25 கி.மீ.யில் ஏற வேண்டுமானால் 1,400 வாட் வேண்டும். 250 என்ற எண்ணை எழுதியவர் நிச்சயம் சமவெளியில் வீடு கட்டியவர்.

இதன் விளைவு என்ன தெரியுமா? வாங்கினவர் ஒரு வாரத்தில் கடைக்குத் திரும்பி வருகிறார். “அண்ணே, ஏறலையே.” கடையில் இல்லாவிட்டாலும் பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் கண்ட்ரோலரை மாற்றி, கரன்ட்டைக் கூட்டி, பூட்டியிருந்த வேகத்தைத் திறந்துவிடுகிறார்கள். வண்டி ஏறுகிறது. அதே வண்டி சமதளத்தில் நாற்பது நாற்பத்தைந்து போகிறது. 60 கிலோ வண்டிக்குப் போட்ட பிரேக்குதான் இன்னமும். சட்டப்படி அது இப்போது பதிவு செய்யாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுகிறவர் லைசென்ஸ் இல்லாத குற்றவாளி. ஒரு நாள் யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈட்டை அந்த விவசாயி தன் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டும், காட்டை விற்றாவது. ஒரு வரித் தகவலை அச்சடிக்காததன் விலை இது.

இதற்கு மேல் ரக வண்டிகள், அதாவது நம்பர் பிளேட்டோடு வருகிற வண்டிகள் இருக்கின்றன. அங்கே கதை வேறு. அங்கே அரசாங்கம் மானியமும் கொடுத்தது. ஃபேம் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. பேட்டரியின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு முதலில் 10,000 ரூபாய். 2021 ஜூனில் 15,000. 2023 ஜூனில் மறுபடி 10,000. மானியம் பெற ஸ்கூட்டருக்கு என்ன தகுதி? ஒரு சார்ஜில் குறைந்தது 80 கி.மீ. வேகம் குறைந்தது 40 கி.மீ. முடுக்கம் இவ்வளவு, மின்செலவு இவ்வளவு. மேடு ஏறுவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிறகு 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் பேட்டரியின் யூனிட்டைத்தான் எண்ணியது. கம்பெனிகள் புத்திசாலிகள். அரசாங்கம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள், விளம்பரம் போடுவார்கள். 100 கி.மீ., 150 கி.மீ., 180 கி.மீ. மலைக்காரன் ஓட்டு சின்ன ஓட்டு, மலைக்காரன் கேள்வியும் சின்னக் கேள்வி.

இந்த நல்ல வண்டிகளிலும் ஒரு கண்கட்டு வித்தை நடக்கிறது. முறுக்குவிசை என்று ஓர் எண் போடுகிறார்கள். டி.வி.எஸ். ஐக்யூப்புக்கு 140 நியூட்டன் மீட்டர். ஏத்தர் 450 எக்ஸுக்கு 26. அடேயப்பா, ஐந்து மடங்கு! என்று வாங்குகிறவர் முடிவு கட்டிவிடுவார். ஐக்யூப்பில் இருப்பது ஹப் மோட்டார், அந்த 140 சக்கரத்தில் கிடைப்பது. ஏத்தரில் மோட்டார் நடுவில், அந்த 26 மோட்டாரின் தண்டில் கிடைப்பது. அது குறைப்புப் பல்சக்கரங்களைத் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது பல மடங்காகிவிடும். ஒருவர் புழுங்கலரிசி விலையைச் சொல்கிறார், இன்னொருவர் நெல் விலையைச் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் எழுதிப் பார்த்தால் ஏமாறுவது நிச்சயம். சட்டம் செய்ய வேண்டியது, எல்லோரும் சக்கரத்தில் கிடைப்பதையே எழுதுங்கள் என்று ஓர் உத்தரவு. அதற்கு நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி தேவையில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற வண்டிப் பிரியர்கள். ‘ஹப் மோட்டாரா? சீச்சீ, பொம்மை வண்டி. மிட் டிரைவ் தான் சார் வண்டி’ என்பார்கள். இவர்கள் சொல்வதைக் கேட்டு, நடுவில் மோட்டார் என்று ஸ்டிக்கர் ஒட்டினாலே மலை ஏறும் என்று நம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது சைக்கிளுக்குச் சரி. ஸ்கூட்டரில் அந்தக் கியர் மாற்றமே கிடையாது. நடுவில் மோட்டார் இருந்தாலும் குறைப்பு ஒரே விகிதம்தான், மலைக்கும் அதுவே, பைபாஸுக்கும் அதுவே. கிடைக்கிற லாபம், மோட்டார் வேகமாகச் சுற்றுவதும் சூடு வெளியேற வசதி இருப்பதும். அது நல்ல லாபம்தான். ஆனால் மோட்டாரே நோஞ்சானாக இருந்தால் அதை எங்கே உட்கார வைத்தும் பிரயோஜனம் இல்லை. மறுபக்கம், பெரிய ஹப் மோட்டார் இரண்டு பேரைச் சுமந்து பத்துக்கு ஒன்று மேட்டில் ஏறத் தேவையான முறுக்குவிசை சக்கரத்தில் 55-லிருந்து 60 நியூட்டன் மீட்டர். 140 இருந்தால் ஏறாமல் என்ன?

அரியலூருக்கு வாருங்கள். அங்கே கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது. கடல் வற்றிச் சுண்ணாம்புக் கல்லை விட்டுப் போனது. அதைத் தோண்டி அரசு, தனியார் என்று வரிசையாக சிமென்ட் ஆலைகள். கல் ஏற்றின லாரி, சிமென்ட் ஏற்றின லாரி, சாலை ஓரமெல்லாம் வெள்ளைப் புழுதி. ஊர் ஏறக்குறைய சமதளம். செந்துறையிலோ ஜெயங்கொண்டத்திலோ இருக்கிற ஒருவருக்கு நான் ஹப் மோட்டார் வண்டியைத்தான் சிபாரிசு செய்வேன். செயின் இல்லை, பெல்ட் இல்லை. புழுதி போய் உட்கார இடமே இல்லை. எண்ணெய் விட வேண்டாம், இறுக்க வேண்டாம், அறுந்தால் திருச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பெட்ரோல் வண்டி மெக்கானிக்குகள் மட்டுமே இருக்கிற ஊரில் இது சாதாரண சலுகை இல்லை. பஞ்சர் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் முறைப்பார். சக்கரத்தைக் கழற்றப் போனால் உள்ளேயிருந்து வயர் வருகிறதே என்று. குண்டு குழியில் பின் சக்கரம் சற்று ‘தொம் தொம்’ என்று விழும், மோட்டாரின் எடை முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு இருப்பதால். இவ்வளவுதான் குறை.

ஆக, இரண்டு மாவட்டம், ஒரே கடை, ஒரே வண்டி. ஜெயங்கொண்டத்தில் தங்கமான வண்டி, மலையாளப்பட்டியிலிருந்து மேலே போகும்போது தகர டப்பா. கடைக்காரர் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறார்.

ஓலா நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களுடைய ஆரம்ப எஸ் ஒன் வண்டிகளில் மோட்டார் நடுவில் இருந்தது. 2022-ல் விலை குறைந்த எஸ் ஒன் ஏர் வண்டியை அறிவித்தபோது சக்கரத்துக்குள் போனார்கள். 2025 ஜனவரியில் மூன்றாம் தலைமுறை என்று அறிவித்தபோது மறுபடி நடுவில் வைத்து, செயினும் மாட்டினார்கள். தப்பில்லை. விலைக்கும் வேலைக்கும் ஏற்றபடி இன்ஜினீயர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்த இன்ஜினீயர்களுக்குத் தெரிகிற விஷயம், எத்தனை கிலோவோடு எவ்வளவு மேட்டில் எத்தனை நிமிடம் என்கிற விஷயம், காசு கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியக் கூடாதா?

“இதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது சார்” என்பார்கள். புரியாதா? டிராக்டர் வாங்கப் போகிற பெரம்பலூர் விவசாயி எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை கலப்பை இழுக்கும் என்று கேட்டு, கம்பெனிக்காரனை வயலுக்கே கூட்டிப்போய், கரிசல் மண்ணில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் முன்பணம் கொடுக்கிறார். போர்வெல் மோட்டார் வாங்கும்போது எத்தனை அடிக்கு எத்தனை ஹெச்.பி. என்று பேசுகிறார். தண்ணீரை 500 அடி மேலே தூக்குகிற கணக்கு தெரிந்தவருக்கு, தன்னைத்தானே 500 மீட்டர் மேலே தூக்கிக்கொள்கிற கணக்கு புரியாதாம்.

ஏறுவது பாதிக் கதைதான். இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயமாக இருக்கிறது. ஏறாவிட்டால் வண்டி நிற்கும், மானம் போகும், அவ்வளவே. மேலே ஏற்றிய அந்த 280 வாட் அவர் கீழே வரும்போது எங்காவது போயாக வேண்டும். பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்தால் இன்ஜின் பிடிக்கும். டிரைவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான் இறங்குகிறார்கள். மின்சார வண்டியில் மோட்டாரையே டைனமோவாக்கி, வண்டியைப் பிடித்து நிறுத்தி, கரன்ட்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பலாம். நேரடி ஹப் மோட்டாரில் இது சுலபம், அந்த வகையில் மலைக்காரருக்கு அது தோழன். ஆனால் உள்ளே சின்னப் பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார்களில், பின்னோக்கிப் பிடிக்காத ஃப்ரீவீல் இருந்தால் இது நடக்காது. மிதிகட்டையில் மோட்டார் வைத்த சைக்கிளிலும் பொதுவாக நடக்காது. மலிவு வண்டிகள் பலவற்றில் அதற்கான ஏற்பாடே கிடையாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மேலே டாப் செங்காட்டுப்பட்டியில் குடியிருக்கிறவர் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பேட்டரியோடு துறையூர் பக்கம் இறங்குகிறார். நிறைந்த குடத்தில் தண்ணீர் எங்கே ஊற்றுவது? நிறைந்த பேட்டரி திரும்பி வரும் கரன்ட்டை வாங்காது. அதனால் நல்ல வண்டியிலும் அந்தப் பிடிமானம் முதல் சில கி.மீ.யில் குறைந்திருக்கும். எல்லாப் பாரமும் பிரேக் கட்டையின் மேல். அது சூடாகி வழுக்க ஆரம்பிக்கும்போது வளைவு வரும். மேலே வசிக்கிறவர் பேட்டரியை எண்பது சதவிகிதத்தோடு நிறுத்திவிட்டு இறங்குவது நல்லது. இந்த ஒரு வரியைத் தமிழில் அச்சடித்து சீட்டுக்கு அடியில் ஒட்ட எத்தனை பைசா ஆகும்? ஆனால் வண்டியோடு கொடுக்கிற புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அதிலும் பாதி, மொபைலை எப்படி வண்டியோடு இணைப்பது, ஹாரன் சத்தத்தை எப்படி மாற்றுவது என்று.

அரசாங்கம் உத்தரவு போடும்வரை காத்திருக்க வேண்டாம். மலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒருத்தராக டெஸ்ட் ரைடு போகாதீர்கள். வீட்டில் வழக்கமாக யார் பின்னால் உட்காருவாரோ அவரையும், வழக்கமாக என்ன மூட்டை வருமோ அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலக்கரை, நான்கு ரோடு எல்லாம் வேண்டாம். உங்கள் ஊர் மேட்டுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி மேட்டில் பிரேக் போட்டு நிறுத்துங்கள். அங்கிருந்து மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். கிளம்பினால் தொடர்ந்து அரை மணி நேரம் ஏற்றிவிட்டு, இறங்கி, பின் சக்கரத்தின் குடத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சும்மா பக்கத்தில். பிறகு கடைக்கு வந்து, ‘இத்தனை கிலோவோடு இந்த மேடு ஏறும்’ என்று பில்லின் பின்பக்கம் எழுதி, சீல் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

‘ஜம்முனு’ என்று எழுதினால் வாங்காதீர்கள். கிலோவில் எழுதச் சொல்லுங்கள்.